அந்த ஏழு கிலோவைப் பற்றி

நாமக்கல் நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். நான்கு பக்கம் எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகு, கீழே பொடி எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள்: “மறுபடியும் நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட் மட்டும் பிடித்தால் இந்த எடை இறங்குமா டாக்டர்?”

இறங்காது. எடை குறைகிற அளவுக்கு உடம்பை எரியவைக்க இரண்டு சிகரெட் போதாது. மாரடைப்பை வரவழைக்க இரண்டு தாராளமாகப் போதும். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்குதானே என்று மனசு கணக்குப் போடும். ரத்தக்குழாய் அப்படிப் போடுவதில்லை. அதுவும் போக, இருபது வருடம் நாளைக்கு இரண்டு பாக்கெட் பிடித்தவருக்கு ‘ரெண்டே ரெண்டு’ எத்தனை நாள் நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கேட்டதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. சிகரெட்டை விட்டு எடை ஏறியவர்கள் பலர் மனசுக்குள் கேட்டுக்கொள்வதை நீங்கள் தபாலில் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் தந்த விவரம் இது. வயது 46. லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்த வேலை, காதில் போன். பொங்கலோடு சிகரெட்டை விட்டீர்கள். அப்போது 68 கிலோ, இப்போது ஆடியில் 75. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.1. உங்கள் டாக்டர் ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்று சொல்லி, எடையைக் குறைக்கச் சொன்னார். ஆபீஸிலோ, “நல்லா இருந்த மனுஷன், சிகரெட்டை விட்டு சுகரை வாங்கிட்டான்” என்கிறார்கள்.

முதலில் எடை. நிகோடின் உடம்பின் எரிப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. புகைப்பவர்களை மூடிய அறையில் வைத்து ஒரு நாள் முழுக்க அளந்த ஆய்வொன்று 1986-ல் வந்தது. 24 சிகரெட் பிடித்த நாளில் அவர்கள் உடல் சுமார் பத்து சதவீதம், அதாவது ஏறக்குறைய 200 கலோரி, கூடுதலாகச் செலவழித்தது. நாடித்துடிப்பை ஏற்றி, அட்ரீனலினைச் சுரக்கவைத்து எரித்த எரிப்பு அது. பொங்கலன்று நீங்கள் சிகரெட்டை நிறுத்தியதும் அந்தச் செலவு நின்றது. சாப்பாட்டு வரவு நிற்கவில்லை.

வரவு கூடவும் செய்தது. மூளையில் பசியை அடக்கும் நரம்பணுக்களை நிகோடின் தூண்டிவிடுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தார் 2011-ல் எலிகளில் கண்டார்கள். அந்தத் தூண்டல் போனதும் பசி தன் இயல்புக்குத் திரும்புகிறது. நாக்கும் மூக்கும் திரும்புகின்றன. இருபது வருடம் புகையில் மரத்துப்போயிருந்தவருக்கு ரசம் தாளிக்கிற வாசனை மறுபடி கிடைப்பது சின்ன விஷயமா? உங்கள் வீட்டம்மா “இப்பதான் நல்லா சாப்பிடறாரு” என்று சந்தோஷப்பட்டு இன்னொரு கரண்டி வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் சதை போட்டால் ஆரோக்கியம் என்றுதான் அர்த்தம். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

டீக்கடைக்கு வருவோம். ஒரு டீ, ஒரு தம் என்று இருந்த கையில் இப்போது டீயோடு வடையோ பட்டர் பிஸ்கட்டோ இருக்கும். விரலுக்கு வேலை வேண்டும், வாய்க்கு வேலை வேண்டும். நாளைக்கு ஆறு டீ என்கிறீர்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஒவ்வொன்றிலும் சர்க்கரை மட்டுமே சுமார் நாற்பது கலோரி. பாலைச் சேர்க்காமலே, சிகரெட் எரித்த 200 கலோரிக்கு மேல் சர்க்கரையாகவே திரும்ப உள்ளே போகிறது.

டீயில் இன்னொரு விஷயம் உண்டு, பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன; காஃபினை அது வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஆறு டீ, ஆனால் ரத்தத்தில் தங்கும் காஃபின் முன்னைவிட அதிகம். படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பங்கு சிகரெட் ஏக்கம், ஒரு பங்கு டீ. ஆறை மூன்றாக்குங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம். தூக்கம் கெட்டால் பசி கூடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துச் சோதித்தார்கள். அதற்குள்ளேயே அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்துவிட்டது. 1999-ல் வந்த ஆய்வு.

சிகரெட்டை விட்டவர்களின் எடையைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டி 2012-ல் ஒரு கணக்கு வந்தது. ஓராண்டு முடிவில் சராசரி ஏற்றம் 4.7 கிலோ, அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே. நூற்றில் 16 பேருக்கு எடை குறைந்திருந்தது. 13 பேருக்குப் பத்து கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. உங்கள் ஏழு கிலோ சராசரிக்கு மேல், ஆனால் அபூர்வமில்லை. வேகமாக ஏறும் கட்டத்தையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது இன்சுலின். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசையும் கல்லீரலும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளச் சொல்லும் ஹார்மோன் அது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அம்மா மேலும் மேலும் உரக்கக் கூப்பிடுவதுபோல, திசுக்கள் காது கொடுக்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. சில வருடம் சமாளிக்கும். பிறகு தொண்டை கட்டிவிடும். சர்க்கரை ஏறத் தொடங்கும். லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் 1936-லேயே, சில நோயாளிகளுக்கு இன்சுலின் குறைவதில்லை, உடல்தான் அதற்கு மசிவதில்லை என்று கண்டு எழுதினார். அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் 1988-ல் ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்புக் கோளாறு, சர்க்கரை எல்லாவற்றையும் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்ற இந்த ஒரு கயிற்றில் கோத்துக் காட்டினார்.

ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கும் வரை உடம்பு கொழுப்பைச் சேமிக்கும் பக்கம் சாய்ந்தே இருக்கும். பக்கத்து மேசைக்காரர் இரண்டு வேளை பட்டினி கிடந்து இரண்டு கிலோ குறைத்தார், உங்களுக்கு அரை கிலோவும் நகரவில்லை என்றால் உங்கள் மன உறுதியை மட்டும் பழிக்காதீர்கள்.

சரி, இந்த இன்சுலின் ரெசிஸ்டன்ஸை சிகரெட்டை விட்டதுதான் கொண்டுவந்ததா? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பின்கழுத்து நாலைந்து வருடமாகக் கறுத்து, தடித்து, தேய்த்தாலும் போகவில்லை, செயின் பட்ட கறுப்பு என்று நினைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது செயின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. அகாந்தோசிஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கறுப்பு, ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் வழக்கமான வெளி அடையாளம். நீங்கள் இரண்டு பாக்கெட் பிடித்துக்கொண்டு, 68 கிலோவில் ‘நல்லா இருந்த’ காலத்திலேயே உடம்பு எழுதிக் காட்டிவிட்டது. ஐந்தடி ஆறங்குலத்துக்கு 68 கிலோ என்றால், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 24. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

உண்மையில் சிகரெட்தான் இன்சுலினுக்கு எதிரி. நிகோடின் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் கொழுப்பமிலங்களைக் கூட்டுகிறது, அவை தசையில் இன்சுலினை மறிக்கின்றன. புகைப்பவர்கள் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்கிறது. ஸ்வீடனில் நடுவயது ஆண்களைப் புகையை விடவைத்து எட்டு வாரம் கழித்துச் சோதித்தபோது, எடை கூடியிருந்தும் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

ஆனாலும் உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. புகையை விட்டு இரண்டு முதல் ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு நீரிழிவு ஆபத்து, தொடர்ந்து புகைப்பவர்களைவிட 22 சதவீதம் அதிகம். ஐந்து முதல் ஏழு ஆண்டில் உச்சம், பிறகு இறக்கம். எடை ஏறாதவர்களிடம் இந்த ஆபத்து கூடவில்லை. ஏறிய அளவுக்கு ஏற்பத்தான் கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும், பத்து கிலோவுக்கு மேலே ஏறியவர்கள்கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே செத்தார்கள். இதய நோயாலும் குறைவு, மொத்தத்திலும் குறைவு. ஆபீஸில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

ஆக, எடையைக் கவனிக்க வேண்டும், அதற்குப் பயந்து சிகரெட்டுக்குத் திரும்பக் கூடாது. இங்கே ஒரு வேண்டுகோள்: தினமும் காலையில் எடை மெஷினில் ஏறுவதை நிறுத்துங்கள். டெய்லர் டேப் ஒன்று வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், மாதத்துக்கு இரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள். இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 97 என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

இடுப்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? புணேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ அச்சாக 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. நம் உடலில் எடையைவிட அதிகம் பேசுவது கொழுப்பு இருக்கும் இடம்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை உங்களைப் போன்ற ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்ட ஆசை. 2006-ல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றாண்டில் நீரிழிவுக்குள் போனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4. இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பயன் இல்லை. வேடிக்கை என்னவென்றால், உணவையும் நடையையும் மாற்றியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசு நகராதபோதும் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. இதற்குமேல் உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்ல?

சாப்பாடு. ராத்திரி சோற்றைச் சப்பாத்தியாக மாற்றிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ஆகாது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்று ஐசிஎம்ஆர் ஆதரவோடு சென்னையிலிருந்து நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வு 2025-ல் சொன்னது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிவிட்டு மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் ஆபத்து குறைவதில்லை என்றும், மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதத்தை வைத்தால் குறைகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் வேறு சட்டை போட்ட சோறுதான்.

சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. பாதியாக்குங்கள். காலி இடத்தில் பொரியலும் கூட்டும் சுண்டலும் வரட்டும். முட்டைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, காலையில் ஐந்து இட்லியும் பொடி எண்ணெயும் மட்டும் சாப்பிடுகிறீர்களே! இரண்டு இட்லி, இரண்டு முட்டை, நிறையச் சாம்பார் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், பதினொரு மணி வடையை அதுவே தள்ளிவிடும். மதியம் காய், பருப்பு, மோர் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொடுங்கள்; அதே சாப்பாட்டிலேயே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். ராத்திரி லோடு முடிந்து பத்தரை மணிக்குப் புரோட்டா என்கிறீர்கள். இதில் பேச்சுவார்த்தை கிடையாது. ஏழரைக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வரட்டும். பத்தரைக்குப் பசித்தால் ஒரு டம்ளர் மோர்.

சிகரெட் ஏக்கம் வரும்போது ஏதாவது கொறிக்கத் தோன்றும். மிட்டாய், இனிப்புச் சுவிங்கம் வேண்டாம். கிராம்பு, ஏலக்காய், சோம்பு, வெள்ளரித் துண்டு, சீக்கிரம் தீராத நெல்லிக்காய். ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதைக் கடத்தினால் போதும். சரக்கு விஷயம் கடிதத்தில் இல்லை, அதனால் கேட்கவில்லை. இருந்தால், விட்ட சிகரெட் திரும்பிவருவது பெரும்பாலும் அந்த மேசையில்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உறவினர் சொன்ன பேலியோ உணவுமுறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புகையை விட்ட முதல் வருடத்தில் சோற்றையும் இட்லியையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டால், மனசு ஆறுதலுக்கு எதைத் தேடும் என்று யோசித்துப் பாருங்கள். தேன் எலுமிச்சைத் தண்ணீர், சீரகத் தண்ணீர், எடைகுறைப்புப் பொடிகள் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

நடை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்க உங்கள் வேலை விடாது, தெரியும். அவசியமும் இல்லை. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பதினைந்து நிமிடம் நடங்கள். இயங்கும் தசை இன்சுலின் தயவில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காது கேளாத திசுவைச் சுற்றிப் போகும் வழி இது. மூன்று வேளைக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிடும். போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுங்கள். லாரி ஆபீஸில் போனுக்குப் பஞ்சமிருக்காது. தசையைக் கூட்ட ஜிம் வேண்டுமென்றில்லை. மெதுவாகப் பத்துத் தோப்புக்கரணம், காலையும் மாலையும், முட்டி வலி இல்லாவிட்டால். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரை: டாக்டர் எழுதிக்கொடுத்த மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், எடை குறையும் என்று நீங்களாகக் கூட்டவும் செய்யாதீர்கள். நிகோடின் சுவிங்கம் முதல் சில மாதங்களுக்கு நல்ல ஊன்றுகோல். எடை ஏறுவதையும் சற்றுத் தள்ளிப்போடும். வருடக்கணக்கில் மென்றால் நிகோடின் இன்சுலினை மறிக்கும் வேலையை அதிலும் செய்யும். 2025-ல் இந்தியக் கடைகளுக்கு வந்த வாராந்திர எடைகுறைப்பு ஊசிகள் உங்களுக்கு இப்போது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் புகையை விட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கி, பழைய அளவு மருந்திலேயே சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் பெரிய தடுப்பு ஆய்வில், 2002, இலக்கு உடல் எடையில் ஏழு சதவீதமும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான். அதற்கே நீரிழிவு ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு ஏழு சதவீதம் என்றால் ஐந்தேகால் கிலோ. அடுத்த பொங்கலுக்குள் வந்தால் போதும், அவசரமில்லை. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகரெட் நினைப்பு மிஞ்சினால் அந்தப் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356-ஐக் கூப்பிடுங்கள், இலவசம். மறுபடி எனக்கு எழுதும்போது கிலோக் கணக்கை எழுத வேண்டாம். இடுப்பளவையும் எச்பிஏ1சியையும் மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்